ஏற்காட்டு இறக்கத்தில் பெட்ரோல் பூஜ்யம்: ப்ளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனர் வாங்கலாமா?

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஸ்டீயரிங்குக்குக் கீழே, பானட் திறக்கும் லிவர் பக்கமாக, 16 துளை உள்ள ஒரு சாக்கெட் இப்போதைய கார்களில் இருக்கும். அதில் செருகினால் இன்ஜின் கம்ப்யூட்டர் என்ன பார்க்கிறதோ அதை உங்கள் போனில் காட்டும். இதுதான் ஓ.பி.டி. (ஆன் போர்டு டயக்னாஸ்டிக்ஸ்) ஸ்கேனர். விலை 500 ரூபாயிலிருந்து 2500 வரை போகிறது. ஆன்லைனில் இதை வாங்கும் பலர் மைலேஜ் கூடும் என்று நினைத்து வாங்குகிறார்கள். இதைச் செருகுவதால் மட்டும் ஒரு சொட்டு பெட்ரோல்கூட மிச்சமாகாது. ஆனால் சேலம் நகருக்குள் தினமும் வேலைக்குப் போய்வரும் ஒருவர் இதை ஒரு மாதம் சரியாகப் பார்த்து ஓட்டினால், எந்த மிதி எவ்வளவு பெட்ரோலைத் தின்கிறது என்பது வலது காலுக்குத் தெரிந்துவிடும். ஏற்காட்டிலிருந்து தினமும் மலை இறங்கி ஏறுகிறவருக்கு இன்னும் அதிகமாகவே தெரியும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இதே வடிவத்தில், இதே சாக்கெட்டில் செருகுவதுபோல, பச்சை நிறத்தில் "ஈகோ", "ஃபியூயல் சேவர்" என்று எழுதிய டப்பாக்களும் விற்கிறார்கள். செருகி 150 கிலோமீட்டர் ஓட்டினால் கருவி உங்கள் ஓட்டும் பழக்கத்தைக் "கற்றுக்கொண்டு" இன்ஜினை மாற்றியமைக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும். அந்த வகை டப்பாக்களைத் திறந்து பார்த்தவர்கள் கண்டது ஒரு சின்ன சிப்பும் மினுக்கும் விளக்குகளும்தான். காரின் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கான பாகமே உள்ளே இல்லை. போனோடு இணையாத, ஆப் எதுவும் கேட்காத எந்த டப்பாவையும் வாங்காதீர்கள்.

சரியான கருவியைத் தேர்ந்தெடுப்பதிலும் குழப்பம் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை "ஈ.எல்.எம். 327" என்ற பெயரில் வருகின்றன. அந்தச் சிப்பை வடிவமைத்த கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் 2022-ல் மூடப்பட்டுவிட்டது. இப்போது கடைகளில் கிடைக்கும் மலிவு சரக்கு எல்லாம் நகல்தான். நகலிலும் நல்லது, கெட்டது உண்டு. வேடிக்கை என்னவென்றால், "1.5" என்று போட்டு வருபவை பெரும்பாலும் ஒழுங்காக வேலை செய்கின்றன, அசல் நிறுவனம் 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. "2.1" என்று போட்ட மலிவு நகல்கள் பலவற்றில் பாதிக் கட்டளைகளுக்குப் பதில் வராது. பெட்டியில் உள்ள எண்ணை நம்புவதைவிட, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுவது மேல். கூலன்ட் சூடு, ஆர்.பி.எம்., வேகம், மேப் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) அல்லது மாஃப் (அந்தக் காற்றின் எடை), புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜ், ஃபியூயல் சிஸ்டம் ஸ்டேட்டஸ் ஆகிய ஆறும் வருகிறதா பாருங்கள். அரை மணி நேர ஓட்டத்தில் ஒரு தடவையாவது இணைப்பு அறுந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பிறகு அது சரியாகாது.

ஆண்ட்ராய்டு போனுக்குச் சாதாரண ப்ளூடூத் போதும். ஜோடி சேர்க்க 1234 அல்லது 0000 கேட்கும். ஐபோனுக்கு அது ஆகாது, ப்ளூடூத் லோ எனர்ஜி வகைதான் வேண்டும். வைஃபை வகையும் இரண்டிலும் ஓடும், ஆனால் போன் கருவியின் வைஃபையோடு ஒட்டிக்கொள்வதால் வழி காட்டும் வரைபடம் பல போன்களில் நின்றுபோகும். ஆப் என்று பார்த்தால் ஆண்ட்ராய்டில் டார்க், இரண்டிலும் கார் ஸ்கேனர். இரண்டுமே இந்த வேலைக்குப் போதும்.

பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி) கார்களுக்கு 2013 ஏப்ரலிலிருந்து ஓ.பி.டி. 2, அதாவது இந்தக் கருவி பேசும் முறை, கட்டாயமானது. அதற்குப் பிந்தைய பெட்ரோல் கார் என்றால் கவலையில்லாமல் வாங்கலாம். டீசல் கார்களில் கோளாறுக் குறியீடு, கூலன்ட் சூடு எல்லாம் வரும். மைலேஜ் கணக்கு மட்டும் பெரும்பாலும் தப்பாக இருக்கும். காற்றை அளந்து அதிலிருந்து பெட்ரோலைக் கணக்கிடுவதுதான் ஆப்பின் வழி. டீசல் இன்ஜினோ தேவைக்கு மேல் காற்றை இழுத்துக்கொண்டே ஓடும். கார் தானாகவே எரிபொருள் அளவைச் சொல்லும் வசதி இருந்தால்தான் டீசலில் அந்த எண்ணை நம்பலாம். டூவீலர்காரர்கள் இதை விட்டுவிடலாம். புதிய பி.எஸ். 6 வண்டிகளின் சாக்கெட் வேறு. தனி இணைப்பு ஒயர் வாங்கிப் போட்டாலும் பல வண்டிகளில் உருப்படியான விவரம் வராது. டேஷ்போர்டிலேயே உடனடி மைலேஜ் காட்டும் புதிய கார் வைத்திருப்பவர்களுக்கும் இது பாதிதான் பயன்படும். அந்தப் பாதி எது என்று கீழே வருகிறது.

அந்தப் பெட்ரோல் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் திரையில் வரும் எண்ணை நம்பினால் ஏமாந்துபோவீர்கள். எத்தனால் கலக்காத பெட்ரோல் என்றால் இன்ஜின் 14.7 கிராம் காற்றுக்கு ஒரு கிராம் பெட்ரோல் என்ற விகிதத்தை ஒட்டியே ஓடும். மாஃப் சென்சார் உள்ள காரில் நொடிக்கு எத்தனை கிராம் காற்று என்பது நேரடியாக வரும். ஐடிலில் நிற்கும் 1.2 லிட்டர் இன்ஜினில் அது 2.2 கிராம் போல இருக்கும். 14.7-ஆல் வகுத்தால் 0.15 கிராம் பெட்ரோல். ஒரு மணிக்கு 540 கிராம், லிட்டரில் ஏறத்தாழ 0.72. அதாவது சும்மா நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 12 மில்லி. ஏ.சி. கம்ப்ரஸர் ஓடும்போது மணிக்கு ஒரு லிட்டரைத் தொடும்.

நம் ஊரில் ஓடும் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் மாஃப் கிடையாது, மேப் சென்சார்தான். இன்டேக்கில், அதாவது காற்று உள்ளே போகும் குழாயில், உள்ள அழுத்தத்தை மட்டும் அது சொல்லும். அழுத்தம், ஆர்.பி.எம்., உள்ளே வரும் காற்றின் சூடு, இன்ஜின் கொள்ளளவு எல்லாவற்றையும் வைத்து ஆப் காற்றின் எடையை ஊகிக்கிறது. அதனால் ஆப்பில் கார் விவரம் போடும்போது இன்ஜின் கொள்ளளவைச் சரியாகப் போடுங்கள். 998 சி.சி. காருக்கு 1200 என்று போட்டால் அத்தனை கணக்கும் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி (சிலிண்டர் எத்தனை சதவீதம் காற்றால் நிரம்புகிறது) என்று கேட்கும் இடத்தில் 85-ல் ஆரம்பிக்கலாம்.

மேப் சென்சார் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க நமக்கு வீட்டு வாசலிலேயே ஒரு சோதனைச் சாலை இருக்கிறது. சாவியை ஆன் செய்து இன்ஜினைக் கிளப்பாமல் பார்த்தால் மேப் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தம். சேலத்தில் 97, 98 கிலோபாஸ்கல் வரவேண்டும். ஏற்காடு ஏரிக்கரையில் நிறுத்தி அதையே பார்த்தால் 85-ஐ ஒட்டி வரும். இரண்டு இடத்திலும் இந்த எண்களிலிருந்து நாலைந்து தள்ளி இருந்தால் சென்சாரை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மேலே போனதும் வண்டி இழுக்கவில்லை என்று பலர் புகார் சொல்வதற்கும் இந்த 12, 13 கிலோபாஸ்கல்தான் காரணம். டர்போ இல்லாத இன்ஜின் அங்கே எட்டில் ஒரு பங்கு பலத்தை இழக்கிறது. அது பழுது கிடையாது.

எவ்வளவு சரியாக அமைத்தாலும் ஆப் சொல்லும் மைலேஜ் பத்து சதவீதம் முன்பின் இருக்கும். டேங்கை நிரப்பித்தான் நேராக்க வேண்டும். ஒரு பங்க்கில் ஆட்டோ கட் விழும் வரை போடுங்கள். அதற்கு மேல் ரவுண்டாக வரட்டும் என்று தளும்ப ஊற்ற விடாதீர்கள். ஆப்பில் புதிய ட்ரிப் தொடங்குங்கள். 300 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு அதே பங்க், அதே பம்பு, முடிந்தால் அதே நேரத்தில் மறுபடியும் ஆட்டோ கட் வரை போடுங்கள். ஓடிய தூரத்தைப் பில்லில் உள்ள லிட்டரால் வகுத்தால் உண்மை மைலேஜ். டேங்க் கணக்கு 18, ஆப் 20 என்று வந்தால், ஆப்பின் எரிபொருள் திருத்தத்தில் 1.11 போட வேண்டும். இரண்டு டேங்க் இப்படிப் பார்த்தால் போதும். நடுவில் ஒரு நாள்கூடக் கருவியைக் கழற்றாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். கழற்றிய நாளில் ஓடிய தூரம் ட்ரிப்பில் ஏறாது, பெட்ரோல் மட்டும் போயிருக்கும்.

இனி மலைக்கு வருவோம். இந்தக் கருவியின் முழு மதிப்பும் அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே உள்ள 20 கொண்டை ஊசி வளைவுகளில்தான் தெரிகிறது.

இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்ற நம்பிக்கை சேலத்தில் இன்னும் சாகவில்லை. கார்புரேட்டர் காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. இன்ஜெக்டர் வந்த காரில் அது தலைகீழ். கியரில் வைத்து ஆக்சிலேட்டரை முழுக்க விட்டால், ஓரிரு நொடிக்குள் கம்ப்யூட்டர் இன்ஜெக்டர்களை மூடிவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது, பெட்ரோல் தேவையில்லை. நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க அதே 0.7 லிட்டர் கணக்கில் ஊற்றிக்கொண்டே இருக்கும். 40 நிமிட இறக்கத்துக்கு அது கிட்டத்தட்ட அரை லிட்டர். வண்டியின் எடை முழுவதும் பிரேக் மேலேயே விழுகிறது என்பது இன்னும் பெரிய சேதம். அடிவாரத்தில் சக்கரத்திலிருந்து கருகல் வாடை வீச நிற்கும் கார்கள் பெரும்பாலும் இப்படி வந்தவைதான். இன்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுவது இன்னும் மோசம். இரண்டு மூன்று மிதியில் பிரேக் பூஸ்டரின் வாக்குவம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

இதைத் திரையில் பார்க்கப் போனால்தான் கருவியின் பெரிய குறை முகத்தில் அறைகிறது. இரண்டாம் கியரில், மணிக்கு 30 கிலோமீட்டரில், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்குகிறீர்கள். ஆர்.பி.எம். 2400. இன்ஜெக்டர் மூடியிருக்கிறது. ஆனால் ஆப் மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் போவதாகக் காட்டும். காற்று இன்னும் இன்ஜினுக்குள் போய்க்கொண்டுதான் இருக்கிறது. காற்றை மட்டும் எண்ணும் ஆப்புக்குப் பெட்ரோல் நின்றது தெரியாது. இந்தப் பொய்க் கணக்கைப் பார்த்துவிட்டு "நியூட்ரல்தான் குறைவாகக் காட்டுகிறது" என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. மைலேஜ் கட்டத்தை மலையில் பார்க்கவே பார்க்காதீர்கள்.

பார்க்க வேண்டியவை இரண்டு கட்டங்கள்தான். ஒன்று ஃபியூயல் சிஸ்டம் ஸ்டேட்டஸ், மற்றது பேங்க் 1 சென்சார் 1 என்று வரும் முதல் ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜ். சாதாரண ஓட்டத்தில் ஸ்டேட்டஸ் 2 (அந்தச் சென்சாரைப் பார்த்து கம்ப்யூட்டர் பெட்ரோலைத் திருத்திக்கொண்டே இருக்கிறது), வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஓயாமல் ஊசலாடும். இறக்கத்தில் காலை எடுத்ததும் ஸ்டேட்டஸ் 4 (அந்தத் திருத்தம் நிற்கிறது) ஆகும், வோல்டேஜ் 0.02 என்ற அளவுக்குப் படுத்துவிடும். புகைக்குழாயில் வெறும் காற்று போகிறது என்று அர்த்தம். அதுதான் உண்மையான பூஜ்யம். அதே இடத்தில் கிளட்சை மிதியுங்கள். ஆர்.பி.எம். 800-க்கு விழும், 2 திரும்பும், வோல்டேஜ் மறுபடி துடிக்க ஆரம்பிக்கும். இரண்டு நொடியில் புரிந்துவிடும், விளக்கமே வேண்டாம். டேஷ்போர்டு மைலேஜ் உள்ள புதிய கார்காரர்களுக்கும் பயன்படும் பாதி என்று சொன்னது இதைத்தான். சில புதிய கார்களில் வைட்பேண்ட் என்ற வேறு வகை ஆக்சிஜன் சென்சார் இருக்கும். அதில் வோல்டேஜ் இப்படி ஊசலாடாது, லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதம்) எண் மேலே ஓடி முட்டி நிற்பதைப் பாருங்கள்.

ஆர்.பி.எம். 1200, 1500-க்குக் கீழே வந்தால் இன்ஜெக்டர் மறுபடி திறந்துகொள்ளும், வண்டி அணைந்துவிடக் கூடாதே. கொண்டை ஊசியில் 15 கிலோமீட்டருக்குக் குறையும்போது 4 போய் 2 வருவது அதனால்தான். மலை மேலிருந்து காலையில் கிளம்பி உடனே இறங்குகிறவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். முதல் சில வளைவுகளுக்கு ஸ்டேட்டஸ் 1 என்றே நிற்கலாம். இன்ஜின் சூடாகவில்லை என்று பொருள். ஏற்காட்டுக் குளிரில் கிளம்பி, இறக்கத்தில் வேலையே இல்லாமல் ஓடும் இன்ஜின் சூடாக நேரமெடுக்கும். பல கார்களில் அதுவரை பெட்ரோல் அறுபடாது. அதற்காக வாசலில் பத்து நிமிடம் ஐடிலில் விட்டால் 120 மில்லி அங்கேயே போய்விடும். அரை நிமிடம் விட்டுக் கிளம்பி, இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோல் அறுபடாவிட்டாலும் இன்ஜின் பிடித்து இறக்கும்.

ஏற்றத்தில் அதே 4 வேறு முகம் காட்டும். மூன்றாம் கியரில் மூச்சுத் திணற, ஆக்சிலேட்டரை அடி வரை அழுத்தி ஏறும்போதும் ஸ்டேட்டஸ் 4 வரும். ஆனால் வோல்டேஜ் 0.85-ல் நிற்கும். இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அளவுக்கு மேல் பெட்ரோல் ஊற்றுகிறது. கியரை இரண்டுக்கு இறக்கி மிதியைப் பாதிக்கு விட்டால் 2 திரும்பிவிடும், வேகம் அப்படியே இருக்கும். "மேல் கியரில் ஏறினால் பெட்ரோல் மிச்சம்" என்பதை மலையில் கடைப்பிடிக்கிறவர்கள் இந்த ஒரு கட்டத்தைப் பார்த்தால் போதும். ஏறுவதற்கே ஒரு விலை உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளோடு 1150 கிலோ வரும் காரை 1100 மீட்டர் உயரம் தூக்க மட்டும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் ஆகும். எந்த ஓட்டுநராலும் அதைக் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது அதற்கு மேல் போகும் வீண் மட்டுமே, டிக்கியில் மறந்துபோன மூட்டை உட்பட.

மலையில் அடுத்தவருக்கு வழிவிடுவதும் இந்தக் கணக்கோடு ஒட்டியதுதான். குறுகிய சரிவில் இறங்குகிற வண்டி ஒதுங்கி, ஏறுகிற வண்டிக்கு இடம் தரவேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறையிலேயே இருக்கிறது. ஏறுகிற பஸ் வளைவில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்ப அதற்கு ஆகும் பாடு உங்களுக்கு ஆகாது; இறக்கத்தில் நீங்கள் நின்று மறுபடி கிளம்பப் பெரிய பெட்ரோல் செலவு இல்லை. கொண்டை ஊசியில் பஸ்ஸுக்கு இரண்டு பக்கச் சாலையும் வேண்டும். மேலிருந்து வருகிறவர் வளைவுக்கு இரண்டு கார் நீளம் முன்னதாகவே நின்றுவிட்டால் ஒரே திருப்பில் பஸ் போய்விடும். மூக்கை நுழைத்தால் பஸ் பின்னால் வந்து, அதன் பின்னால் உள்ள எல்லோரும் பின்னால் வந்து, பத்து நிமிடம் போகும். குரங்குக்குத் தீனி போட வளைவிலேயே நிறுத்துகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வருத்தமாக இருக்கிறது. தீனிக்காக நடுரோட்டுக்கு வரப் பழகிய குட்டிகள் அடிபடுவதும் அங்கேதான்.

கியரில் வைத்து இறங்கும்போது மறக்கக் கூடாத ஒன்று: இன்ஜின் பிடித்து வேகம் குறையும்போது உங்கள் பிரேக் விளக்கு எரியாது. பின்னால் வருகிறவருக்கு நீங்கள் வேகம் குறைப்பது தெரியாது. வளைவுக்கு முன் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு லேசாக ஒரு தட்டு தட்டுங்கள். நகரத்தில் சிக்னலை நோக்கி உருளும்போதும் இதே.

நகரத்தில் கருவி கற்றுத்தரும் பாடம் வேறு. அஸ்தம்பட்டியில் கிளம்பி, ஐந்து ரோடு வழியாக ஜங்ஷன் பக்கம் போகிறவருக்குப் பெட்ரோலைத் தின்பது வேகம் இல்லை, பிரேக்தான். ஒரு டன் எடைக் கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் சேர்த்து வைத்திருக்கும் சக்தி 96 கிலோஜூல். இன்ஜின் பெட்ரோலில் கால் பங்கைத்தான் ஓட்டமாக மாற்றும் என்பதால் அந்த வேகத்தை எட்ட 12 மில்லி போயிருக்கும். பிரேக் போட்டு நின்றால் அத்தனையும் டிஸ்க்கில் சூடாகக் கரைந்துவிடும். ஒரு நிமிட ஐடிலும் ஒரு வீண் பிரேக்கும் ஒரே விலை. முன்னால் போகிற வண்டியின் பம்பரை முட்டுகிற மாதிரி ஒட்டிப் போய், ஒரு நாளைக்குப் பத்து தடவை தேவையில்லாமல் இப்படி நின்றால் 120 மில்லி. 25 வேலை நாளில் மூன்று லிட்டர்.

இதைத் தடுக்கும் வழி முன்வண்டிக்கு இரண்டு நொடி இடைவெளி. 40 கிலோமீட்டர் வேகத்தில் அது 22 மீட்டர். நான்கு ரோட்டிலும் பழைய பஸ் ஸ்டாண்டு சுற்றிலும் அப்படி விட்டால் மொபெட்டும் ஆட்டோவும் உள்ளே புகுந்துவிடும் என்று சொல்வார்கள். புகுவார்கள். புகட்டும். காலைக் கொஞ்சம் தளர்த்தினால் மூன்று நொடியில் இடைவெளி திரும்ப வந்துவிடும். ஹாரன் அடிக்கவும் வேண்டாம், பிரேக்கும் வேண்டாம். அந்த இடைவெளி இருப்பதால்தான் டவுன் பஸ் நிறுத்தத்திலிருந்து கிளம்பும்போது விட்டுக்கொடுக்க முடிகிறது, நடந்து கடக்கிற பாட்டிக்காக நிறுத்தாமலே மெதுவாகப் போக முடிகிறது. ஆப்பில் இந்த ஓட்டத்தின் வேகக் கோட்டைப் பார்த்தால் மலைத்தொடர்போல இருந்தது மேடுபள்ளமான சாலைபோல ஆகியிருக்கும்.

திரையைத் துரத்துகிறவர்கள் செய்யும் தப்பும் இங்கேதான். உடனடி மைலேஜ் எண் கிளம்பும்போது 4, 5 என்று கீழே போகும். அதைப் பார்க்கப் பொறுக்காமல் பச்சை விழுந்த பிறகும் ஆமைபோல நகர்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் மிச்சமாவதில்லை. மிக மெதுவாகக் கிளம்பினால் கீழ் கியர்களிலேயே அதிக நேரம் போகும், பின்னால் பத்து வண்டிக்கு அந்தப் பச்சை தப்பிப்போகும், அத்தனை பேரும் இன்னொரு சிவப்பு முழுக்க ஐடிலில் நிற்பார்கள். இன்ஜின் லோடு 70 சதவீதத்தை ஒட்டி வருமாறு மிதித்து, 2000 முதல் 2500-க்குள் கியரை மாற்றி, சீக்கிரமாக மேல் கியருக்குப் போய்விடுவதே நல்லது. கொண்டலாம்பட்டி தாண்டி கோவை நெடுஞ்சாலையில் வலது லேனில் 50-ல் போய் மைலேஜ் சேர்ப்பதும் இதே ரகம். மெதுவாகப் போவதென்றால் இடது லேன். 100-லிருந்து 80-க்கு வந்தாலே நல்ல வித்தியாசம் தெரியும். 100-ல் காற்றின் எதிர்ப்பு 80-ல் இருப்பதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல்.

சிக்னலில் நொடி எண்ணும் விளக்கு இருந்தால், 20-க்கு மேல் மீதி இருக்கும்போது அணைக்கலாம், ஐந்து வரும்போது கிளப்பிவிடுங்கள். பேட்டரி பழசு என்றால் இதைச் செய்ய வேண்டாம்.

மைலேஜ் திடீரெனக் குறைந்தால் காரணம் காலில் இல்லை, காரில் என்று காட்டிக்கொடுக்கும் இரண்டு எண்களையும் வாரம் ஒருமுறை பாருங்கள். லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துச் செய்யும் திருத்தச் சதவீதம், பிளஸ் மைனஸ் 5-க்குள் இருந்தால் நலம். பிளஸ் 10-ஐத் தாண்டினால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது மாஃப் அழுக்காகியிருக்கிறது, அல்லது பெட்ரோல் பம்பு பலவீனமாகியிருக்கிறது. பிளஸ் 20, 25-ஐத் தொட்டால் பி 0171 (காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை) என்ற குறியீட்டோடு இன்ஜின் விளக்கு எரியும். கூலன்ட் சூடு நகரத்தில் 80-க்கு மேல் வராமல் 60, 65-லேயே நின்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டது. சில நூறு ரூபாய்ப் பாகம். ஆனால் இன்ஜின் எப்போதும் குளிரில் ஓடுவதாக நினைத்து அதிகம் ஊற்றும். குறியீட்டை ஆப்பில் அழிக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். அழித்தால் ட்ரிம்மும் சேர்ந்து அழிந்து, மெக்கானிக்குக் கிடைக்கவேண்டிய தடயம் போய்விடும். டயர் காற்றை இந்தக் கருவி சொல்லாது. கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கர் எண்ணை, காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள்.

ஓட்டும்போது திரையைப் பார்ப்பதுதான் இந்தப் பொருளின் ஆபத்து. போனை ஸ்டாண்டில் மாட்டி நான்கு கட்டங்களுக்கு மேல் வைக்காதீர்கள். மலிவு நகல்களால் நொடிக்குச் சில எண்களைத்தான் இழுக்க முடியும், பத்து கட்டம் வைத்தால் எல்லாமே தாமதமாக வரும். மலையில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தனியாகப் போகிறீர்கள் என்றால் பதிவு மட்டும் ஓடட்டும், வீட்டுக்கு வந்து வேகக் கோட்டையும் ஸ்டேட்டஸையும் பாருங்கள். நீளமான டப்பா வாங்கினால் வலது முழங்காலில் இடிக்கும், இடித்துத் தளர்ந்தால் பெடல் பக்கம் விழும். ஒரு அங்குலத்துக்கு மேல் வெளியே நீட்டாத குட்டை வகையே வாங்குங்கள்.

ஒரு மாதம் போதும். அதற்கு மேல் செருகி வைத்திருப்பதில் லாபமில்லை, நஷ்டம் உண்டு. அந்தச் சாக்கெட்டின் 16-ஆவது பின்னுக்குச் சாவி அணைத்த பிறகும் பேட்டரி மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். கருவி 40 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளுக்கு ஒரு ஆம்பியர் மணி. இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் 35 ஆம்பியர் மணி பேட்டரியில் 14 போயிருக்கும், வண்டி கிளம்பாமல் போகலாம். 1234 தெரிந்த யாரும் பார்க்கிங்கில் நின்றபடி இணையவும் முடியும்.

விலைக்கு வந்தால், 1000 ரூபாய்க்குள் கிடைக்கும் நல்ல நகல் ஒன்று போதுமானது. லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது. மேலே சொன்ன மூன்று லிட்டர் கணக்கிலேயே மூன்று, நான்கு மாதத்தில் காசு திரும்பிவிடும். அடுக்ககத்திலோ அலுவலகத்திலோ நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்குவது இன்னும் நல்லது. அடுத்தவருக்குக் கொடுக்கும்போது உங்கள் போனில் அந்த ஜோடியை அழித்துவிடுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் போகும்போதெல்லாம் உங்கள் போன் போய் ஒட்டிக்கொள்ளும். வாங்கிக்கொள்கிறவர் ஆப்பில் தன் காரின் சி.சி.-யைப் புதிதாகப் போட்டு, 1.11 போன்ற உங்கள் திருத்தத்தை 1-க்குத் திருப்பி, ஆட்டோ கட்டிலிருந்து தன் டேங்க் கணக்கைத் தொடங்க வேண்டும்.